ஐந்திலைக் குதிரைமசாலும் ஆறு பசுக்களும்

மாட்டுக்குத் தீவனம் வளர்க்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: தின்கிறவர் வாய் திறந்து குறை சொல்வதில்லை, அந்த வேலையைத் தின்னாதவர்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வார்கள்.

விதை மூட்டையைப் பிரித்த அன்று, பழவேற்காட்டுக் கோட்டைக்கு வடக்கே இருந்த தீவனத் தோட்டத்தில் கூடியிருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கோட்டைப் பண்டசாலையைப் பார்த்துவந்த ஒல்லாந்தத் துரை. அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி வெங்கையா. பாரசீகத்துக் குதிரைக் கப்பலில் அந்த மூட்டையை ஏற்றிவந்த மரைக்காயர். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் கேட்க வந்திருந்த சாயக்கார முனுசாமி. தோணிரேவில் இருந்து தினமும் வந்து கோட்டை மாடுகளைக் கறக்கும் பொன்னம்மா. தோட்டம் பார்க்கிற நான். கருப்பி, செவலை, மயிலை, சுட்டி, கொம்பி, வெள்ளச்சி என்று பசுக்கள் ஆறு. ஆக மனிதர் ஆறு, மாடு ஆறு, மொத்தம் பன்னிரண்டு.

ஏரிக்கரையின் உப்பு மண்ணில் முளைத்த உமரிப் பூண்டும் உப்பங்கோரையும் மேய்ந்த அந்த மாடுகளின் பாலில் வெண்ணெய் திரளவே திரளாது. கோட்டையில் இருந்தவர்களுக்கோ வெண்ணெய் இல்லாமல் உணவு இறங்காது. அதனால் துரை குதிரைமசால் விதையை வரவழைத்தார். குதிரை தின்று கொழுக்கிற தழையைப் பசுவுக்குப் போட்டால் பால் ஏறும் என்பது அவர் எண்ணம். மூன்று வருடம் தவணை கொடுத்தார். அதற்குள் தீவனத்தால் பால் ஏறியது என்று காட்டாவிட்டால் தோட்டமும் கிணறும் முனுசாமிக்கு. உப்பு ஏறாத கிணறு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். எனக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு நிலமும் கிடையாது. உங்களில் மாடு வைத்திருப்பவர்களுக்கு நான் பட்டதில் பாதியாவது தெரிந்திருக்கும். மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மஞ்சள் நூல்

பன்னிரண்டு பாத்தி போட்டேன். நான்காம் வாரத்தில் மூன்றாம் பாத்தியிலும் எட்டாம் பாத்தியிலும் செடிகளின் மேல் மஞ்சள் நூல் படர்ந்திருந்தது. இலை இல்லை, மண்ணில் வேர் இல்லை. பார்க்க அழகாக இருந்தது. துணிக்காரர்கள் வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் இரண்டு நாள் ரசித்தேன். மூன்றாம் நாள் ஒரு நூலை எடுத்துப் பார்த்தபோதுதான் அது செடியின் தண்டிலேயே வாய் வைத்து உறிஞ்சுவது தெரிந்தது. அம்மையார் கூந்தல். அதன் விதையும் குதிரைமசால் விதையோடு கலந்து கப்பலேறி வந்திருக்கிறது.

அந்த இரண்டு பாத்தியையும் வேரோடு பிடுங்கி அங்கேயே போட்டுக் கொளுத்தினேன். மிச்சம் இருந்த விதையைச் சல்லடையில் சலித்துச் சலித்துப் பொறுக்கினேன். பொறுக்கி எடுத்த கள்ளவிதை ஒன்றரை உழக்கு. அதை ஒரு சிரட்டையில் போட்டு மரைக்காயரிடம் காட்டப் போனேன். குறை சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் சிரட்டையை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். அவர் விரலால் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் ஏத்திக்கினு வந்தது ஒரு பயிரு. உனுக்கு ரெண்டு பயிரா வந்துகீது. இதுக்கு மேல இன்னா வேணும், பெரியவரே?"

செவலையின் வயிறு

முதல் அறுப்பை விடியற்காலையில் அறுத்து, பனி சொட்டச் சொட்ட மாட்டுக்குப் போட்டேன். பச்சையாகப் போட்டால் சத்து அதிகம் என்று நினைத்தேன். நான் செய்த தவறுகளில் கணக்கு எடுக்காமல் செய்தது இது ஒன்றுதான். வெயில் ஏறுவதற்குள் செவலையின் இடப்பக்க வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிட்டது. தட்டினால் சத்தம் கேட்டது. மூச்சு விட முடியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

பொன்னம்மா ஓடிவந்தாள். தோணித் துடுப்பில் உடைந்த ஒரு கட்டையை எடுத்து மாட்டின் வாயில் குறுக்காக வைத்துக் கட்டினாள். மாடு அதை மென்று மென்று ஏப்பம் விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மூங்கில் குழாயில் அரைப்படி நல்லெண்ணெயைப் புகட்டினாள். பிறகு முன்கால் மேட்டிலும் பின்கால் பள்ளத்திலும் இருக்கும்படி கரையில் நிறுத்திவைத்தாள். நண்பகலில் செவலை சாணி போட்டது. அந்தச் சாணியைப் பார்த்து நான் அடைந்த நிம்மதி, இதைப் படிக்கிற மாட்டுக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிப் பயன் இல்லை.

அன்றிலிருந்து அறுத்த தழையை அரை நாள் நிழலில் வாட்டி, மாட்டுக்கு இத்தனை பிடி என்று எண்ணித்தான் போடுகிறேன். பொன்னம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "உப்புக் கோரையைத் தின்னு வளந்த வயிறு, நைனா. விருந்து வெக்கறதுக்கு முந்தி அதுங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வெச்சிருக்கலாம்."

விரல் எண்ணியவன்

மாடு குதிரைமசாலைத் தின்னும்போது கவனித்திருக்கிறீர்களா? இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டைக் கடைசியில் வேண்டாவெறுப்பாக மெல்லும். நன்றாக முற்றிய தண்டு என்றால் காலில் போட்டு மிதித்துவிடும். தினமும் மிதிபட்ட தண்டைக் கூட்டி நிறுத்துப் பார்த்தேன். போட்டதில் ஐந்தில் ஒரு பங்கு வீண், துரை எதிர்பார்த்த அளவுக்குப் பாலும் ஏறவில்லை. பால் இலையில் இருக்கிறது, தண்டில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அப்படியானால் இலை அதிகம் உள்ள செடி வேண்டும்.

குதிரைமசாலின் ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலைகள்தான். பத்துப் பாத்தியையும் செடி செடியாகக் குந்திப் பார்த்தேன். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு செடிகளில் பதினொன்றில் காம்புக்கு ஐந்து இலை இருந்தது. எல்லாக் காம்பிலும் இல்லை, பாதிக்கு மேல். இரண்டு வகையையும் தனித்தனியாக நிழலில் காயவைத்து, இலையை உதிர்த்துத் தராசில் வைத்தேன். பத்துப் பலம் காய்ந்த தழையில், மூன்றிலைச் செடிக்கு இலை நாலரைப் பலம். ஐந்திலைச் செடிக்கு ஐந்தே கால். ஒருவேளை தராசு பொய் சொல்கிறதோ என்று தட்டை மாற்றி வைத்தும் நிறுத்தேன். அதே ஐந்தே கால்.

அந்தப் பதினொரு செடியில் இருந்து விதை எடுத்து, பிறப்பதில் ஐந்திலையை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி விதை எடுத்துப் பெருக்கினால் தோட்டமே ஐந்திலை ஆகும். இதைத் துரையிடம் சொல்லச் சொல்லி துபாஷியிடம் கெஞ்சினேன். வெங்கையா குடையை மடக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "செடிக்கு எத்தனை விரலுன்னு எண்ணிக்கினு கீறே. உன் வூட்ல எத்தனை பேருன்னு கேட்டா யோசிச்சுத்தானே சொல்லுவே?"

செடிக்கு முக்காடு

பதினொன்றும் ஊதாப் பூ பூத்தன. குதிரைமசால் பூ ஒரு பிடிவாதக்காரப் பூ. தேனீ வந்து உட்கார்ந்து அழுத்தினால்தான் உள்ளே இருக்கும் தண்டு விண்ணென்று நிமிரும், காய் பிடிக்கும். தேனீ வரட்டும் என்று விட்டால் அது மூன்றிலைச் செடியின் பூந்தூளையும் காலில் ஒட்டிக்கொண்டு வரும். பிறக்கிற பிள்ளைகள் மூன்றிலைக்கே திரும்பிவிடும். ஆகவே தேனீயைத் தடுக்க வேண்டும், தேனீயின் வேலையை நான் செய்ய வேண்டும்.

துரை, கறைபட்டுக் கழித்த மெல்லிய துணியில் பதினொரு துண்டு கொடுக்கச் சொன்னார். நான்கு குச்சி நட்டு ஒவ்வொரு செடிக்கும் துணியைப் போர்த்தினேன். உள்ளே கையை விட்டு, ஈர்க்குச்சியால் ஒவ்வொரு பூவாக அழுத்தினேன். ஒரு செடியின் தூளை அடுத்த செடிக்குக் கொண்டுபோனேன். நாளொன்றுக்கு முந்நூற்றறுபது பூ, பதினொரு நாள். காய் பிடித்தது ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு. விதை இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது. அடுத்த வருடம் முளைத்தவற்றில் ஐந்திலை எழுநூற்று நாற்பத்தொன்று. அதன் பிறகு மூன்றிலைப் பாத்திகளைப் பூக்கும் முன்பே அறுத்துவிட்டு, தேனீக்களுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் வருடம் பத்துப் பாத்தியில் ஐந்து ஐந்திலைக்கு வந்துவிட்டது.

முக்காடு போட்டிருந்த நாட்களில் முனுசாமி தண்ணீர் இறைக்க வந்தார். அவர் ஆட்கள் மாதக்கணக்கில் அலசிக் காயவைத்த துணியின் கழிவுத் துண்டு அது. பதினொன்றையும் சுற்றிவந்து பார்த்தார். பிறகு என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்: "கோட்டைப் பொண்ணுங்ககூட இவ்ளோ மறைவா நிக்கறதில்ல, பெரியவரே. மாப்பிள்ளை வூட்டார் எப்ப வர்றாங்க?"

பன்னிரண்டு நாள்

மூன்றாம் வருடத்துக் கடைசி அறுப்பு. கொட்டகையில் ஆறு கட்டுத்தறி. கிழக்கே மூன்று, மேற்கே மூன்று. கிழக்குத் தறிகளுக்கு ஐந்திலைக் கட்டு, மேற்குத் தறிகளுக்கு மூன்றிலைக் கட்டு, எடை ஒன்றே. கருப்பி, செவலை, மயிலை கிழக்கே. சுட்டி, கொம்பி, வெள்ளச்சி மேற்கே. பன்னிரண்டு நாள் காலை மாலைப் பாலை அளந்து எழுதி, கிழக்கு மாடுகளின் பால் கண்ணுக்குத் தெரியும்படி கூடியிருந்தால் தோட்டம் எனக்கு.

மாடுகள் மேய்ச்சலில் இருந்து வருமுன் தழையைத் தறிகளில் வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிடுவேன். ஒரு பெண் பால் கறக்கிற இடத்தில் போய் நிற்க எனக்குக் கூச்சம். பொன்னம்மா மாடுகளைக் கட்டி, கறந்து, அளந்து, உள்ளே இருந்து குரல் கொடுப்பாள். "செவலை ஏழு ஆழாக்கு. மயிலை ஆறு." தட்டிக்கு வெளியே நின்று ஓலையில் எழுதிக்கொள்வேன். நூற்று நாற்பத்து நான்கு தடவை எழுதினேன். கை தவறவில்லை.

பதின்மூன்றாம் நாள் கூட்டினேன். கிழக்கு மூன்று மாட்டுக்கு நானூற்று அறுபத்தெட்டு ஆழாக்கு. மேற்கு மூன்றுக்கு நானூற்று அறுபத்தேழு. மூன்று வருடத்துக்குப் பலன் ஓர் ஆழாக்கு. அதையும் செவலை தவறி உதைத்திருந்தால் இழந்திருப்பேன். துரை ஓலையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முனுசாமிக்கு அன்றே ஆள் போயிற்று. வெங்கையா இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. "தொர சொல்றாரு, நீ நல்லா எண்றே, ஆனா எண்றதுக்கு ஒண்ணும் இல்லேன்றாரு."

தோணிரேவு வழக்கம்

மறுநாள் மாலை, மாடு மிதித்த தண்டுகளை எடைபோட வாரிக்கொண்டு வரக் கொட்டகைக்குப் போனேன். வேலை போன பிறகு எதற்கு எடை என்று கேட்காதீர்கள். கை பழகிவிட்டது. பொன்னம்மா மாடுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். மயிலை நிற்க வேண்டிய தறியில் கொம்பி நின்றது. செவலையின் தறியில் சுட்டி. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இடம் மாத்திக் கட்டியிருக்கியே அம்மா" என்றேன். அவளிடம் நானாக முதலில் பேசியது அதுதான் என்று நினைக்கிறேன்.

"மாத்தித்தானே கட்டணும்" என்றாள். "கெழக்காலதான் நல்ல தழை வெக்கறே. அந்த மூணே தின்னுக்கினு இருந்தா இந்த மூணும் வாயைப் பாத்துக்கினு நிக்கணுமா? மூணு நாள் இதுங்க, மூணு நாள் அதுங்க."

தோணிரேவில் மீன் பிடிக்கிற குடும்பங்களின் வழக்கம் அது. ஏரியில் இறால் அதிகம் விழுகிற இடம் யாருக்கும் சொந்தம் இல்லை. முறை வைத்து, இன்று உனக்கு, நாளை எனக்கு என்று மாறிக்கொண்டே இருக்கும். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடத்தில் ஒருவனே வலை கட்டினால் ஊர் அவனைச் சும்மா விடாது. அந்த நியாயத்தை அவள் கொட்டகைக்குள் கொண்டுவந்து ஆறு மாட்டுக்கும் பாடு வைத்திருக்கிறாள். ஆறும் நல்ல தழையைச் சமமாகத் தின்றிருக்கின்றன. பிறகு எப்படிக் கணக்கில் ஏற்றத்தாழ்வு வரும்?

தோட்டம் போய்விட்டதைச் சொன்னேன். அவள் கையில் பிடித்திருந்த கயிற்றைக் கீழே விட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நைனா" என்றாள். சொல்லியிருக்கலாம். தட்டிக்கு வெளியே நின்று பன்னிரண்டு நாள் எழுதியவன், உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதியது தறியின் பெயரை இல்லை, மாட்டின் பெயரை. எந்த மாடு எந்த நாளில் கிழக்கே நின்றது என்று தெரிந்தால் போதும். மாற்றிய நாட்கள் நினைவிருக்கிறதா, ஒரு நாளாவது முன்பின்னாகப் போனதா என்று கேட்டேன். பொன்னம்மாவுக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. "அமாவாசை அன்னிக்கு சுட்டி, கொம்பி, வெள்ளச்சிய மொதல்ல கெழக்கால கட்டி ஆரம்பிச்சது, மூணு மூணு நாளா நாலு மொறை. பாடு வெக்கற வூட்ல பொறந்தவகிட்ட நாள் தப்பிச்சான்னு கேக்கறியே, உனுக்கு நாக்கு கூசல?"

துரையின் விரல்

அன்றும் மறுநாளும் அதே நூற்று நாற்பத்து நான்கு எண்களை வேறு வரிசையில் அடுக்கினேன். ஐந்திலை தின்ற நாட்கள், மாட்டுக்கு ஆறு, ஆக முப்பத்தாறு. மூன்றிலை தின்ற நாட்கள் முப்பத்தாறு. ஐந்திலை நாட்களின் பால் நானூற்று எண்பத்தாறு ஆழாக்கு. மூன்றிலை நாட்களின் பால் நானூற்று நாற்பத்தொன்பது. கூட்டினால் முன்பு வந்த அதே தொள்ளாயிரத்து முப்பத்தைந்து. ஒரு சொட்டும் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் நடுவில் முப்பத்தேழு ஆழாக்கு வித்தியாசம் நின்றது. ஆறு மாட்டில் ஒன்றுகூட விலக்கு இல்லை. கிழக்கே போன மறுநாள் ஏறியிருக்கிறது, மேற்கே வந்த மறுநாள் இறங்கியிருக்கிறது. நான் போட்ட திட்டத்தில், கிழக்கே கட்டிய மாடுகளே நல்ல கறவையாக இருந்துவிட்டதோ என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் இல்லை. பொன்னம்மா வைத்த பாடு முறையில் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை.

ஓலைகளைத் துரையின் மேசையில் வரிசையாக வைத்தேன்.  அவர் ஒவ்வொரு மாடாக விரலை ஓட்டிக்கொண்டு போனார். வெள்ளச்சி வரைக்கும் போய், திரும்பவும் கருப்பிக்கு வந்தார். பிறகு எழுந்து சன்னல் ஓரம் நின்று துபாஷியிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். வெங்கையா அதை எனக்குச் சுருக்கிச் சொன்னார்: "கணக்கு சரின்றாரு. மாடு வளக்கற ஊர்ல பொறந்தவரு, கண்ணு கலங்குது பாரு. ஆனா முனுசாமிக்குச் சொல்லி நாலு நாள் ஆச்சு, சொன்னதை மாத்த மாட்டேன்றாரு."

கிணற்றடி

முனுசாமியின் ஆட்கள் பாத்திகளைக் கொத்த ஆரம்பித்திருந்தார்கள். நான் கிணற்றடியில் நின்றேன். ஒருவரிடம் ஒன்று கேட்பதற்கு எனக்கு எப்போதுமே இரண்டு மூன்று நாள் ஆகும். அன்றைக்கு அவ்வளவு நேரம் இல்லை. ஐந்தாம் பாத்தியும் புரண்டதைப் பார்த்துவிட்டு அவரிடம் போய், இறைத்த தண்ணீர் வழிந்தோடும் வாய்க்கால் ஓரத்தில் நான்கு முழ அகலத்துக்கு மண்ணைக் கொத்தாமல் விட முடியுமா என்று கேட்டேன். துணி விரிக்க அந்த ஈர இடம் உதவாது என்றும் சொன்னேன்.

 பால் ஏறியது நிஜமா என்று அவர் கேட்டார். மாடு ஒன்றுக்கு நாளுக்கு ஓர் ஆழாக்கு, அதற்கும் சற்று மேல் என்றேன். கொழுப்பும் ஏறியதா என்றார். அதை அளக்கவில்லை, அளக்காததைச் சொல்லமாட்டேன் என்றேன். அவர் சிரித்தார். சாயம் படராமல் இருக்கத் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த கரைசலில் முக்கி எடுப்பது அவர்கள் வழக்கம். எருமைப்பால் கிடைக்காத மாதங்களில் அவர் ஆட்கள் நல்ல பாலுக்கு ஆரம்பாக்கம் வரைக்கும் அலைவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மண்வெட்டிக்காரரை வாய்க்காலைவிட்டுத் தள்ளிப்போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு, "எங்க துணியும் பால் குடிக்குது, பெரியவரே" என்றார். "மூணு வருஷமா பக்கத்துல நின்னு இறைக்கறேன், இப்பத்தான் வாயைத் தொறக்கறே."

அந்த நான்கு முழத்தில் ஐந்திலைச் செடி முப்பத்தொன்று நின்றது. துணி விரிக்க வந்தவர்கள் மிதித்தது ஐந்து, யாருடையது என்று ஒப்புக்கொள்ள ஆள் இல்லாத ஓர் ஆடு தின்றது மூன்று. ஆகவே தீவனம் வளர்ப்பது எப்படி என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மூன்று வருடம் பூவை எண்ணியவன் பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் பத்துப் பாத்தி மிஞ்சியிருக்கும், பேசாததால் மிஞ்சியது இருபத்துமூன்று செடி.